ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் போதும்!

பார் ஹார்பரில் கப்பல் கரைக்கு வராது. இன்றைய ராட்சத சொகுசுக் கப்பல்கள் வந்து அணைவதற்கு ஊரில் மேடை இல்லை. ஃப்ரெஞ்ச்மன் விரிகுடாவில் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். பக்கவாட்டில் தொங்கும் சின்னப் படகுகளைத் தண்ணீரில் இறக்கும். ஆழமான துறைமுகம் வருவதற்கு முன்பு தூத்துக்குடியில் கப்பல் நடுக்கடலில் நிற்க, தோணிகள் ஓடி ஓடிச் சரக்கு இறக்குமே, அதே கதைதான். இங்கே சரக்கு, மனிதர்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு கல்யாண மண்டபம் நிறைகிற கூட்டம். காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை படகுகள் நிற்காது. இறங்கியவர்களுக்கு முதலில் கழிவறை வரிசை, அப்புறம் சுற்றுலா பஸ் வரிசை, அப்புறம் சிங்கி இறால் அடைத்த பன் வாங்க வரிசை, கடைசியில் ஐஸ்கிரீம் வரிசை. சாயங்காலம் அத்தனை பேரும் படகேறிவிடுவார்கள். இருட்டுவதற்குள் ஊர் காலி. மறுநாள் வேறு கப்பல். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதுதான் வாடிக்கை.

அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், மெய்ன் மாநிலத்து மவுன்ட் டெஸர்ட் தீவில் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை சுமார் 5,000. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் மே முதல் அக்டோபர் வரையிலான சீசனில் மட்டும் நூற்றைம்பதுக்கும் அதிகமான கப்பல் வருகைகள். வந்து இறங்கியவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே நாளில் வந்து நின்றால், ஊர்க்காரர்களைவிட விருந்தாளிகள் அதிகம்.

2022 நவம்பர் 8 அன்று அந்த ஊர் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய் ஒரு காரியம் செய்தார்கள். கப்பலிலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஆதரவாக 1,780 ஓட்டு. எதிராக 1,273. நம்மூர் மாநகராட்சியில் ஒரு வார்டு கவுன்சிலர் தேர்தலுக்குக்கூடப் போதாத எண்ணிக்கை இது. ஆனால் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களின் பயண அட்டவணையை அந்த ஓட்டுகள் கலைத்துப் போட்டன.

இவர்கள் சுற்றுலாப் பயணிகளைப் பிடிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நூற்றைம்பது வருடமாக அந்த ஊர் பிழைப்பதே வெளியூர்க்காரர்களை நம்பித்தான். ஊரின் பழைய பெயர் ஈடன். 1918-ல்தான் பார் ஹார்பர் ஆனது. பெருங்கோடீஸ்வரர்கள் கோடைக்கு வந்து தங்க மாளிகைகள் கட்டிய இடம். 1947 அக்டோபரில் தீவில் மூண்ட காட்டுத்தீ அந்த மாளிகைகளில் பலவற்றைச் சாம்பலாக்கியது. அதற்குப் பிறகு நடுத்தர மக்களின் சுற்றுலாத் தலமாக ஊர் மாறியது. பக்கத்திலேயே அகேடியா தேசியப் பூங்கா. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் வருகைகள் அங்கே பதிவாகின்றன.

அப்படியானால் 40 லட்சத்தைத் தாங்கும் ஊருக்கு இரண்டரை லட்சம் ஏன் கசக்கிறது? கப்பல் தரப்பு கேட்கும் கேள்விகளிலேயே நியாயமானது இதுதான். பதில், பயணிகள் வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. காரில் வருபவர் தனக்குத் தோன்றிய நேரத்துக்கு வருகிறார், தீவெங்கும் பரவிப் போகிறார், ராத்திரி தங்குகிறார். கப்பலில் வருபவர்கள் ஒரே முனையில், ஒரே நேரத்தில், கால்நடையாகக் கொட்டப்படுகிறார்கள். கடற்கரையை ஒட்டிய நாலைந்து தெருக்களுக்குள்ளேயே அடைபடுகிறார்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. பௌர்ணமி மாதத்துக்கு ஒரு தடவைதான்.

ஊரில் முன்பும் உச்சவரம்பு இருந்தது. ஜூலை, ஆகஸ்டில் நாளொன்றுக்கு 3,500 பயணிகள். மற்ற சீசன் மாதங்களில் 5,500. கப்பல் நிறுவனங்களோடு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. நகர மன்றம் 2021-ல் எடுத்த கருத்துக்கணிப்பிலேயே ஊர்க்காரர்களின் மனக்கசப்பு வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் மன்றம் மறுபடி பேச்சுவார்த்தை என்றே போனது. பொறுத்துப் பார்த்த சார்ல்ஸ் சிட்மன் என்ற உள்ளூர்க்காரரும் அவரோடு சேர்ந்தவர்களும் கையெழுத்து வாங்க இறங்கினார்கள். மெய்னில் மக்களே மனுக் கொடுத்துச் சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வழி உண்டு. நகர மன்றத்தின் உற்சாகம் இல்லாமலேயே அந்த வாக்கெடுப்பு நடந்தது, ஜெயித்தது.

அந்தச் சட்டத்தை எழுதிய விதம்தான் இந்தக் கதையிலேயே சுவாரசியமானது. விரிகுடாவில் கப்பல் வரலாமா கூடாதா என்று சொல்ல ஒரு சின்ன ஊருக்கு அதிகாரம் கிடையாது. கடல் போக்குவரத்து மத்திய அரசின் விஷயம். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் என்றால் சர்வதேச விஷயமும் ஆகிவிடும். ஆனால் கரையில் இருக்கும் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்ல ஊருக்கு உரிமை உண்டு. நம்மூரில் வீட்டு மனையில் கறிக்கடை போடலாமா என்று நகராட்சி சொல்கிறதே, அந்த மாதிரி. எனவே கப்பலை விட்டுவிட்டு, படகு வந்து ஒட்டும் மேடையைப் பிடித்தார்கள். ஆட்களை இறக்கவிடும் மேடைச் சொந்தக்காரர் அனுமதி வாங்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் 100 டாலர் அபராதம். கடலில் எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் மிதந்துவிட்டுப் போகட்டும். கரை எங்களுடையது.

இந்த ஒரு யோசனையைத்தான் நான் பல முறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கோபத்தில் எழுதிய சட்டமாக இது தெரியவில்லை. எது தன் கைக்குள் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்த ஆட்கள் உட்கார்ந்து எழுதியது.

வழக்கு உடனே வந்தது. வழக்குப் போட்டவர்கள் யாரோ வெளிநாட்டு முதலாளிகள் என்று நினைத்தால் தப்பு. மேடை வைத்திருப்பவர்கள், படகு ஓட்டுபவர்கள், உணவகம், பரிசுப்பொருள் கடை நடத்துபவர்கள் சேர்ந்து உள்ளூர் வாழ்வாதாரத்தைக் காக்கும் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி மத்திய நீதிமன்றம் போனார்கள். பெரிய கப்பல்களை வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட்டுகளின் சங்கமும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. இவர்கள் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மெய்னில் சீசன் குறுகியது. செப்டம்பர் முதல் வாரம் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் குடும்பத்தோடு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு, இலைகள் சிவந்து உதிரும் இரண்டு மாதங்களில், வயதானவர்கள் நிறைந்த கப்பல்கள்தான் கடைத்தெருவுக்கு ஆளைக் கொண்டுவருகின்றன. ஷட்டரை இன்னும் ஆறு வாரம் திறந்து வைக்க முடிகிறதா இல்லையா என்பது ஒரு சின்னக் கடைக்காரருக்கு வாழ்வா சாவா கேள்வி.

மறுபக்கத்துக் கணக்கும் உண்டு. கப்பல் பயணி மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். படுக்கை கப்பலில். ஊர் சுற்றிக் காட்டும் பயணங்களைக்கூடக் கப்பலிலேயே விற்கிறார்கள். அதில் ஒரு பங்கைக் கப்பல் நிறுவனம் எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி உள்ளூர் பஸ்காரருக்கு. ஊரில் மிஞ்சுவது டி-ஷர்ட், காபி, காந்தம் ஒட்டிய பொம்மை. லாட்ஜில் இரண்டு நாள் தங்கி, ராத்திரி உணவகத்தில் சாப்பிடுகிற குடும்பத்தின் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது. தங்குகிற அந்தக் குடும்பம், கப்பல் நாளில் கூட்டத்தைப் பார்த்துக் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டாமல் போனால், அந்த நஷ்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

2024 பிப்ரவரி 29 அன்று நீதிபதி லான்ஸ் வாக்கர் தீர்ப்பளித்தார். ஊர் போட்ட ஆயிரம் பேர் வரம்பு பெரும்பாலும் செல்லும் என்றார். ஒரே ஒரு இடத்தில் கை வைத்தார்: கப்பலில் வேலை பார்க்கும் மாலுமிகள், சிப்பந்திகள் கரையிறங்கும் உரிமை மத்திய விதிகளால் காக்கப்பட்டது, அவர்களை ஆயிரத்தில் சேர்த்து எண்ணக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களும் மெத்தை விரிக்கிறவர்களும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து போனவர்கள். ஒரு மணி நேரம் மண்ணில் நடந்து, வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வர அவர்களுக்கும் ஒரு கரை வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தக் கப்பல்கள் ஏன் இந்தச் சின்ன ஊர்களையே சுற்றி வருகின்றன என்று பார்த்துவிடலாம். பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடும் கப்பல், அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஆளேற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் நேராகக் கொண்டுபோய் விடக் கூடாது என்று 1886-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். இன்றும் அது உயிரோடு இருக்கிறது. எனவே பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ கிளம்பி வடக்கே போகும் கப்பல் கனடாவைத் தொட்டாக வேண்டும். அலாஸ்கா போகும் கப்பலும் அப்படித்தான். பாஸ்டனிலிருந்து கனடா போகும் வழியில், தேசியப் பூங்காவை மடியில் வைத்துக்கொண்டு பார் ஹார்பர் உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் நிறுத்தத்துக்கு அளவெடுத்துத் தைத்த ஊர்.

இனி தெற்கே போவோம். ஃபுளோரிடாவின் கடைக்கோடியில் கீ வெஸ்ட். நான்கு மைல் நீளம், ஒன்றரை மைல் அகலம், சுமார் 25,000 ஜனம். கொரோனாவுக்கு முன்பு ஆண்டுக்குப் பத்து லட்சத்தை நெருங்கிய கப்பல் பயணிகள். அங்கே மாலரி சதுக்கம் என்று கடலோர முற்றம் ஒன்று. தினமும் சாயங்காலம் சூரியன் மறைவதைக் கொண்டாட ஊரே கூடும். வித்தை காட்டுபவர்கள், பாட்டுக்காரர்கள், மாவில் பொரித்துத் தரும் கடல் நத்தைக்கறி. அந்த முற்றத்துக்கு முன்னால் பன்னிரண்டு மாடிக் கப்பல் நின்றால் சூரியன் எங்கே தெரியும்? ஆகவே அஸ்தமனத்துக்கு முன் கப்பல் கிளம்பிவிட வேண்டும் என்று விதி. கப்பலோடு முதல் தகராறே வெளிச்சத்துக்காகத்தான் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த தகராறு தண்ணீருக்காக. ஆழம் குறைந்த, குறுகலான கால்வாய் வழியாகப் பெரிய கப்பல் நுழையும்போது அதன் உந்துவிசை அடிமண்ணைக் கலக்கும். பால் கலந்த மாதிரி வெள்ளைத் தடம் ஒன்று கப்பலுக்குப் பின்னால் நீளும். 2020 மார்ச்சில் கொரோனா வந்து கப்பல்கள் நின்றன. தூண்டில் போட ஆட்களைக் கூட்டிப்போகும் படகுக்காரர்கள்தான் முதலில் சொன்னார்கள்: தண்ணீர் தெளிந்துவிட்டது. ஒரு தலைமுறையாகக் கண்ணில் படாத அடிமட்டம் தெரிகிறது. அந்த வருடம் நவம்பரில் மூன்று கேள்விகள் வாக்குச்சீட்டில் ஏறின. 1,300 பேருக்கு மேல் கொள்ளளவுள்ள கப்பல் வேண்டாம். ஒரு நாளைக்கு 1,500 பேருக்கு மேல் இறங்க வேண்டாம். சுற்றுச்சூழல், சுகாதார விஷயத்தில் நல்ல பெயர் உள்ள கப்பலுக்கே முன்னுரிமை. மூன்றும் 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தன. மூன்றாவதற்கு ஆதரவு 80 சதவீதத்தை ஒட்டி.

ஏழு மாதம்தான் அந்த வெற்றிக்கு ஆயுள். துறைமுகங்கள் பற்றி உள்ளூர் வாக்கெடுப்பு செல்லாது என்று சொல்லும் தனி மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் தேறவில்லை. கூட்டத்தொடர் முடியும் நேரத்தில் அதே சங்கதியைப் போக்குவரத்து மசோதா ஒன்றின் வாலில் கட்டி நிறைவேற்றினார்கள். ஆளுநர் ரான் டிசான்டிஸ் 2021 ஜூனில் கையெழுத்திட்டார். கீ வெஸ்டில் மூன்று கப்பல் மேடைகள். அதில் ஒன்று தனியாருடையது. அதை நடத்தும் தொழிலதிபரின் நிறுவனங்கள் ஆளுநரின் அரசியல் நிதிக்குப் பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்திருந்த செய்தியை மயாமி ஹெரால்டு நாளிதழ் வெளியிட்டது. அதனால்தான் இது நடந்தது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஊர்க்காரர்களில் பலருக்கு நிரூபணம் தேவைப்படவும் இல்லை.

ஓட்டுப் போட்டுத் தோற்பது ஒரு மாதிரி வலி. ஓட்டுப் போட்டு ஜெயித்த பிறகு, ‘உனக்கு ஓட்டே கிடையாது’ என்று கேட்பது வேறு மாதிரி. கீ வெஸ்ட் நகர மன்றம் தன் பிடியில் இருந்த இரண்டு மேடைகளைப் பெரிய கப்பல்களுக்கு மூட 2022-ல் தீர்மானம் போட்டது. மறுபடி அதே தத்துவம்தான்: கடல் இல்லாவிட்டால் கரை. ஆனால் தனியார் மேடை தனியார் மேடையாகவே இருந்தது. கப்பல்கள் அங்கே வந்தன.

எல்லா ஊரும் கப்பலுக்கு எதிராகவே ஓட்டுப் போடுகிறது என்று எழுதினால் அது பாதிக் கதை. அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் சுமார் 32,000 பேர் வசிக்கிறார்கள். 2023 சீசனில் வந்த கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல். பனிப்பாறையைக் காட்ட மேலே சுற்றும் ஹெலிகாப்டர் சத்தம் வீட்டுக்குள் பேசுவதைக் கேட்கவிடுவதில்லை என்பது அங்கே பல வருடப் புகார். சனிக்கிழமை ஒரு நாளாவது, பெரிய கப்பல் இல்லாமல் ஊரை எங்களுக்குக் கொடுங்கள் என்று 2024 அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது. தோற்றுவிட்டது, சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே அலாஸ்காவில் சிட்கா இன்னும் சின்ன ஊர், எட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஆண்டுக்கு மூன்று லட்சம் பயணிகள் போதும் என்ற முன்மொழிவை 2025 மே மாதம் அவர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். மரம் வெட்டும் தொழில் போய், மீன் விலை ஏறி இறங்கும் ஊர்களில் கப்பல்தான் சம்பளம். வருடத்தில் எட்டு மாதம் மழையும் பனியுமாக இருக்கிற ஒரு ஊரில் உட்கார்ந்து அந்த ஓட்டைப் போட்டவரிடம் போய் ‘நீ தப்பு’ என்று சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் ஜூனோவில் நடந்த இன்னொன்றைக் கவனியுங்கள். வாக்கெடுப்புக்கு முன்பே நகராட்சி கப்பல் நிறுவனங்களோடு உட்கார்ந்து, நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல் என்றும், 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 படுக்கை, சனிக்கிழமை 12,000 படுக்கை என்றும் ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஊர் மக்கள் கையெழுத்து வாங்கக் கிளம்பாமல் இருந்திருந்தால் நிறுவனங்கள் மேஜைக்கு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது என் சந்தேகம். தோற்ற வாக்கெடுப்பும் சில சமயம் வேலை செய்துவிடுகிறது.

பெரிய ஊர் என்றால் உலகம் சீக்கிரம் கேட்கும். 2019 ஜூனில் வெனிஸின் கால்வாயில் ஒரு சொகுசுக் கப்பல் கட்டுப்பாடிழந்து கரையில் மோதியது. அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் அந்தக் கால்வாய்க்குள் நுழைய இத்தாலி அரசு தடை போட்டது. வெனிஸுக்கு யுனெஸ்கோ இருக்கிறது, உலகப் பத்திரிகைகள் இருக்கின்றன. சிட்காவுக்கும் பார் ஹார்பருக்கும் இருப்பது ஓட்டுச்சீட்டு மட்டும்.

நம் பக்கத்திலும் ஒரு சின்ன ஊர் கப்பலைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கிய கார்டிலியா சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடலில் வந்து நின்றபோது, ஊருக்குள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கிறது, கலாசாரம் கெடும் என்பதே அங்கே எழுந்த எதிர்ப்பு. கட்சிகள் போராடின, ஆளுநர் மாளிகை பதில் சொன்னது. அந்த விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை: ஒரு நாளைக்கு எத்தனை பேர்? வெள்ளைக்கார வீதிகளில் வாரக் கடைசி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட எவருக்கும் அந்தக் கேள்வி கலாசாரத்தைவிட முக்கியமானது என்று தெரியும்.

பார் ஹார்பருக்குத் திரும்புவோம், அங்கே கதை முடியவில்லை. 2024 நவம்பரில், ஆயிரம் பேர் சட்டத்தை ரத்து செய்துவிட்டு, அதைவிட அதிகம் பேரை அனுமதிக்கும் ஒப்பந்தங்களுக்கு மாறலாமா என்று நகர மன்றமே மக்களிடம் கேட்டது. மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் மக்கள் மறுபடியும் ஆயிரத்தையே பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் கடை வைத்திருப்பான், தம்பி கையெழுத்து வாங்கியிருப்பான். ஐயாயிரம் பேர் ஊரில் அந்த நெருக்கமான முடிவு எத்தனை சாப்பாட்டு மேஜைகளில் பேச்சை நிறுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம். 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்துக்கு எதிரான பெரும்பாலான வாதங்களைத் தள்ளிவிட்டது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தின் மீது இந்த வரம்பு அளவுக்கு மீறிய சுமையா என்ற ஒரு கேள்வியை மட்டும் மீண்டும் ஆராயச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

இனி நம் கரைக்கு வருவோம். இந்திய அரசு 2024 செப்டம்பரில் ‘க்ரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவது இலக்கு. நம் கடற்கரை ஊர்களிலும் மேடைகள் வரும். பெரிய துறைமுகத் திட்டம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டாக வேண்டும். கலெக்டர் தரப்பில் ஒருவர் மேடையில் உட்கார்ந்திருப்பார், மைக் சுற்றி வரும். உங்கள் ஊரில் அது நடந்தால் போய் உட்காருங்கள். வேலை எத்தனை, வருமானம் எத்தனை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரை இறக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் கேளுங்கள். பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.